தேயாத பிளேட் ஏன் வழுக்கியது?

மேடு ஏறும்போதுதான் முதலில் தெரிந்தது. நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி அதே வேகத்தில் ஊர்கிறது. ஆர்பிஎம் முள் 2000-த்திலிருந்து 3000-க்குத் தாவுகிறது, ஸ்பீடோமீட்டர் முள் அசையக் காணோம். பழைய பிக்கப் வைத்திருப்பவனுக்கு இதற்குமேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என்ஜினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கொடுக்கும் கிளட்ச் வழுக்குகிறது.

முதலில் சுலபமானதைப் பார்த்தேன். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு (என்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரம்) அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட்; பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் அந்தப் பிடியைத் தளர்த்தும். அதனால் கிளட்ச் பெடலில் கொஞ்சமாவது ஃப்ரீ பிளே, அதாவது எதையும் அழுத்தாத சும்மா ஓட்டம், இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல கிளட்ச்கூட வழுக்கும். என் வண்டியில் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பிளே இருந்தது. சரி, அட்ஜஸ்ட்மென்ட் கோளாறு இல்லை. அடுத்து ஹேண்ட்பிரேக் சோதனை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, பிரேக் பெடலையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியர் போட்டு கிளட்சை மெல்ல விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் ஒரு உதறு உதறி அணைந்துவிடும். என்னுடையது காலை முழுதாக எடுத்த பிறகும் நியூட்ரலில் நிற்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது. சில நொடிகளில் கருகல் வாடை வந்துவிட்டது. இந்தச் சோதனையை ஒருமுறை செய்தால் போதும். சந்தேகத்துக்கு இன்னொரு முறை, பக்கத்தில் நிற்பவருக்குக் காட்ட இன்னொரு முறை என்று செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் போய்விடும்.

வண்டி 25 வயதைத் தாண்டிய டீசல் பிக்கப். முன்னால் என்ஜின், பின்சக்கரங்களுக்கு ஓட்டம், 5 கியர், ஹைட்ராலிக் கிளட்ச். பிரேக், ஸ்டார்ட்டர், ரேடியேட்டர் எல்லாம் நானே கழற்றி மாட்டியிருக்கிறேன். கியர் பாக்ஸை இறக்கியதில்லை. ஆனால் இந்த மாதிரி வண்டியில் அடியில் ஆள் நுழைய இடம் இருக்கிறது, கியர் பாக்ஸ் நேர்கோட்டில் என்ஜினுக்குப் பின்னால் தொங்குகிறது, முன்சக்கர டிரைவ் ஷாஃப்ட் என்று எதுவும் குறுக்கே வராது. வீட்டில் செய்து பார்க்க ஒரு கிளட்ச் வேலை வேண்டுமென்றால் இதைவிட நல்ல வண்டி கிடைக்காது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நான்கும் அடங்கிய செட்டை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று அக்கா மகனையும் துணைக்குக் கூப்பிட்டேன். இரண்டு நாள் என்பது என் கணக்கு. வண்டியின் கணக்கு வேறாக இருந்தது.

தூக்குவதில் கஞ்சத்தனம் கூடாது. கியர் பாக்ஸின் முன்பக்கம் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் குறுக்காக ஏறத்தாழ 40 செ.மீ. வரும், அதற்கு அடியில் ஜாக்கி, மேலே நம் கை நுழைய இடம். நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பும்படி சேசிஸுக்கு நான்கு ஸ்டாண்டு கொடுத்து, கழற்றி வைத்திருந்த ஸ்டெப்னியையும் ஓரத்தில் அடியில் தள்ளிவிட்டேன். அப்புறம் வண்டியைக் கையால் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்த்தேன். விழுவதாக இருந்தால் நான் அடியில் இல்லாதபோது விழட்டும். ஹாலோ பிளாக் கல்லை மட்டும் யாரும் முட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அது விரிசல் விட்டு எச்சரிக்கை எல்லாம் கொடுக்காது, ஒரே நொடியில் பொடியாகும்.

முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் கேபிள். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த ஒயரில் சாவி போடாவிட்டாலும் எப்போதும் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் அதிலும் சேசிஸிலும் ஒரே நேரத்தில் பட்டால் வெல்டிங் வைத்ததுபோல ஆகிவிடும். பிறகு கேபினுக்குள் ரப்பர் உறையை நீக்கி கியர் லிவரை உருவினேன். திறந்த ஓட்டையில் துணியை அடைத்தேன். உள்ளே ஒரு வாஷர் விழுந்தால் அதை எடுக்க கியர் பாக்ஸையே பிரிக்க வேண்டியிருக்கும்.

பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன் இரண்டு ஃப்ளேஞ்சிலும் நேருக்கு நேர் அடையாளம் வைத்தேன். மாற்றிப் பூட்டினால் அதிர்வு வரும். சாக்பீஸ் வேண்டாம், ஒரு தடவை எண்ணெய்க் கை பட்டால் போய்விடும். சென்டர் பஞ்ச்சால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி குத்திவிட்டேன். ஷாஃப்டை உருவினால் கியர் பாக்ஸின் வால் பக்கம் எண்ணெய் கொட்டும் என்பதால் முன்கூட்டியே டிரெயின் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டேன். ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச் ஒயர் இரண்டும் நிமிட வேலை. பெடலின் அழுத்தத்தை வாங்கி, ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க்கைத் தள்ளும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை டியூபோடு அப்படியே கழற்றி ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டேன். இந்த நிலையில் யாராவது கிளட்ச் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும். பெடலுக்கு அடியில் மரக்கட்டையை வைத்து, ஸ்டியரிங்கில் "மிதிக்காதே" என்று எழுதி ஒட்டினேன். மருமகனுக்கு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாலே கால் பரபரக்கும்.

போல்ட்டுகளைப் பற்றி ஒரு விஷயம். பெல் ஹவுசிங்கைச் சுற்றி இருக்கும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டைப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்து, அதில் பெல் ஹவுசிங்கின் உருவத்தை வட்டமாக வரைந்து, எந்த இடத்திலிருந்து எந்தப் போல்ட் வந்ததோ அதே இடத்தில் அட்டையில் குத்திச் செருகி வைத்தேன். டப்பாவில் போட்டு வைத்துவிட்டு நான்கு நாள் கழித்து எது எதற்கு என்று முழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மேல் போல்ட் இரண்டுதான் ஒரு முழு மதியத்தைத் தின்றன. அவை கேபினின் தரைக்கும் என்ஜினுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைக் கழற்றி, கியர் பாக்ஸின் வாலை ஜாக்கியால் தாங்கியபடி மெல்ல இறக்கினால் என்ஜின் பின்பக்கமாகச் சாயும், அப்போது மேலே இடைவெளி கிடைக்கும். சாய்க்கும்போது முன்னால் ஒருவர் நின்று ரேடியேட்டர் ஃபேன் உறையில் இடிக்கிறதா, ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று எக்ஸ்டென்ஷனை ஒன்றோடொன்று மாட்டி, நுனியில் வளையும் ஜாயின்டும் சாக்கெட்டும் போட்டு, வண்டியின் நடுப்பகுதியில் படுத்துக்கொண்டே ராட்செட்டை இழுத்தேன். ஒன்று வந்தது. இன்னொன்றில் தலை மழுங்கியிருந்தது. எனக்கு முன்னால் யாரோ அளவு சேராத ஸ்பேனரைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள். ஒரு சைஸ் சின்ன ஆறுமூலை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றினேன். கிறீச் என்ற சத்தத்தோடு அது அசைந்தபோது நானும் மருமகனும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

எனக்கு முன்னால் யாரோ. இந்த வார்த்தை அப்போதே எனக்குள் மணி அடித்திருக்க வேண்டும்.

இறக்குவதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கியர் பாக்ஸ் 40 கிலோ இருக்கும். நேராகப் பின்னால் இழுத்து, இன்புட் ஷாஃப்ட் பிளேட்டின் ஸ்பிளைனை, அதாவது நடுத்துளையின் பற்களை, விட்டு முழுதாக வெளியே வந்த பிறகுதான் கீழே இறக்க வேண்டும். பாதியில் தொங்கவிட்டால் அந்த எடை முழுவதும் ஷாஃப்டின் நுனியிலும் கிளட்ச் பிளேட்டின் நடுவிலும் விழும். ஜாக்கி மேல் பலகை, பலகையோடு சேர்த்துக் கட்டிய ஸ்ட்ராப், இரண்டு பக்கமும் ஆள். வந்துவிட்டது. வண்டிக்கு அடியிலிருந்து அதை வெளியே கொண்டுவர முயன்றபோதுதான் சேசிஸ் இன்னும் ஒரு சாண் உயரமாக இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. பரவாயில்லை, அடியிலேயே ஒரு மூலையில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தினேன். ஒரே பக்கம் முழுதாகக் கழற்றினால் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் மறுபக்கத்தை வளைத்துவிடும். இதைச் செய்யும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளின் கிளட்ச் லைனிங்கில் (பிளேட்டின் உராயும் மேற்பரப்பு) கல்நார் இருந்திருக்கக்கூடும். உள்ளே படிந்திருக்கும் கருப்புத் தூசியை ஏர் பிடித்து ஊதவே கூடாது. பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடைக்க வேண்டும்.

என் வண்டியில் ஊதுவதற்குத் தூசியே இல்லை. சேறு இருந்தது.

பிளேட்டைக் கையில் எடுத்தேன். தேய்ந்துபோன பிளேட் என்றால் ரிவெட் தலைகள் லைனிங்கின் மட்டத்துக்கு வந்திருக்கும். வெர்னியர் காலிப்பரின் வாலை ரிவெட் குழிக்குள் விட்டுப் பார்த்தேன், 1.1 மில்லிமீட்டர். 0.3 வரைக்கும் போகலாம் என்கிறது மேனுவல். அதாவது பிளேட்டில் பாதி உயிருக்குமேல் மிச்சம். ஆனால் லைனிங் முழுக்க கருத்து, பளபளவென்று கண்ணாடிபோல ஆகியிருந்தது. விரலால் தேய்த்தால் வழுவழுப்பு. மருமகன் எட்டிப் பார்த்தான்.

"மாமா, இது தேயவே இல்லையே. அப்புறம் ஏன் வழுக்குச்சு?"

சரியான கேள்வி. வண்டியைத் தூக்குவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியது.

கிளட்ச் அறைக்குள் எண்ணெய் வர இரண்டு வழிதான் வழக்கம். முன்னாலிருந்து என்ஜின் ஆயில் வரலாம், கிராங்க் ஷாஃப்டின் பின் சீல், அதாவது எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம், போயிருந்தால். பின்னாலிருந்து கியர் ஆயில் வரலாம், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருந்தால். எது என்று கண்டுபிடிக்க மூக்கே போதும். பெல் ஹவுசிங்கின் அடியில் தேங்கியிருந்ததை விரலில் தொட்டு முகர்ந்தேன். கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக வாடை உண்டு, முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இதில் அது இல்லை. டீசல் என்ஜின் ஆயிலின் கரி வாடைதான் இருந்தது, நிறமும் மைபோலக் கறுப்பு. மேலே டேப்பெட் கவர் பாக்கிங்கிலிருந்து ஒழுகி என்ஜின் முதுகு வழியாக இறங்கியிருக்கலாமோ என்றும் பார்த்தேன். முதுகு காய்ந்து தூசி படிந்திருந்தது. ஃப்ளைவீலைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பார்த்தபோது சந்தேகமே இல்லை: நடுவிலிருந்து விளிம்புவரை, சின்னப் பிள்ளைகள் வரையும் சூரியனைப்போல, எண்ணெய்க் கோடுகள். சீலிலிருந்து கசிந்த எண்ணெயைச் சுழற்சி வெளியே வீசியிருக்கிறது.

ஃப்ளைவீல் கழற்றுவதற்கும் ஒரு வார்த்தை. அது பார்ப்பதற்குத் தட்டுபோல இருந்தாலும் 10 கிலோவுக்கு மேல் எடை, நாம் படுத்திருப்பது சரியாக அதன் அடியில். எல்லாப் போல்ட்டையும் கழற்றிவிடாமல் எதிரெதிரான இரண்டை நாலைந்து மரை பிடியில் விட்டு, முதலில் ஃப்ளைவீலைத் தட்டித் தளர்த்த வேண்டும். அது போல்ட்டின் மேல் தொங்கும்; இரண்டு பேர் பிடித்துக்கொண்ட பிறகு கடைசி இரண்டை எடுக்கலாம்.

முந்தைய கிளட்சை மாற்றிய அந்த யாரோ ஒருவர் சீலைத் தொடாமல் விட்டிருக்கிறார். அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் நான் வாங்கி வைத்திருந்த டப்பா கண்ணில் பட்டது. பிளேட், பிரஷர் பிளேட், இரண்டு பேரிங். சீல் இல்லை. பிளேட் தேய்ந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

சீல் வர இரண்டு நாள் ஆனது. வண்டி ஸ்டாண்டில் நின்ற அந்த இரண்டு நாளில்தான் உருப்படியாக யோசிக்க முடிந்தது. ரப்பர் உதடு 25 வருடத்தில் கெட்டியாகிப் போவது இயல்புதான். ஆனாலும் இந்த அளவுக்கு எண்ணெய் வெளியே தள்ளப்பட வேறு காரணம் இருக்குமோ? பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் புகை கிராங்க் அறைக்குள் வரும். அது வெளியேற பிரீதர் ஹோஸ் ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் எங்கே பலவீனமான இடமோ அங்கே எண்ணெயைத் தள்ளும். பல மாதமாக டிப்ஸ்டிக் ஓட்டையைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது நினைவுக்கு வந்தது. பழைய வண்டி, இருக்கத்தான் செய்யும் என்று ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டுப் போயிருந்தேன்.

ஹோஸைக் கழற்றி ஒரு முனையைத் துடைத்து வாயால் ஊதினேன். காற்று போகவில்லை. கன்னம்தான் உப்பியது. வளைவில் கத்தியால் அறுத்துப் பார்த்தால் உள்ளே தார்போன்ற பசை கெட்டியாக அடைத்திருந்தது. நடுவில் ஒரு குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் வழி. கவரின் உள்ளே இருந்த தடுப்பு வலையும் அதே நிலை. வலையை டீசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டுக் கழுவி, ஹோஸைப் புதிதாக மாற்றினேன். இந்த ஒரு முழ ரப்பர் ஹோஸ்தான் சீலைத் தள்ளியது, சீல் பிளேட்டை நனைத்தது. நானோ நேரே பிளேட்டை வாங்கக் கிளம்பியிருந்தேன்.

பழைய சீலைக் கொக்கியால் நெம்பி எடுத்தேன். கிராங்க் ஷாஃப்டின் மேல் கீறல் விழுந்தால் புதுச் சீலும் ஒழுகும் என்பதால் கொக்கிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டேன். சீலின் உதடு வருடக்கணக்காக ஒரே இடத்தில் உரசியதில் ஷாஃப்டில் ஒரு வரி விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் லேசாகத் தட்டுப்பட்டது. புதுச் சீலைப் பழைய ஆழத்திலேயே அடித்தால் உதடு மறுபடி அதே பள்ளத்தில்தான் உட்காரும். அதனால் 1 மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினேன், உதட்டுக்குத் தேயாத இடம் கிடைத்தது. என் சீல் சாதாரண ரப்பர், உதட்டில் எண்ணெய் தடவி ஏற்ற வேண்டும். டெஃப்லான் உதடு உள்ள சீல் என்றால் பெரும்பாலும் எண்ணெயே படாமல் காய்ந்தபடி மாட்டச் சொல்வார்கள். உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள். அதே கையோடு கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீலையும் மாற்றினேன். அது ஒழுகவில்லை. ஆனால் இன்னொரு தடவை அந்த மேல் போல்ட்டுகளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

ஃப்ளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் இருந்தன, எல்லாம் வழுக்கி வழுக்கிச் சூடானதன் அடையாளம். கிரைண்டிங்குக்குக் கொடுத்து மேல்தோலை எடுத்துக்கொண்டேன். விரிசல் ஆழமாக இருந்தால் கிரைண்டிங் உதவாது, ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும். என்னுடையதில் 0.3 மில்லிமீட்டரில் சுத்தமான முகம் வந்துவிட்டது.

பைலட் பேரிங் ஒரு வேடிக்கை. கிராங்க் ஷாஃப்டின் நுனியில், மூடிய குழிக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன பேரிங். பின்னாலிருந்து தட்ட வழியில்லை. குழியில் கிரீஸை அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை விட்டு சுத்தியலால் அடித்தால், கிரீஸின் அழுத்தமே பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளும் என்பார்கள். நான் வைத்திருந்த கம்பி அரை மில்லிமீட்டர் ஒல்லி. அடித்த அடியில் கிரீஸ் இடுக்கு வழியே பீறிட்டு என் நெற்றியில் வந்து அப்பியது. அப்புறம் செய்தித்தாளைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்து, கூழாகப் பிசைந்து, கிரீஸுக்குப் பதில் அதை அடைத்து அடித்தேன். கூழ் இடுக்கில் ஒழுகாது. மூன்றாவது அடைப்பில் பேரிங் ஒரு விரல்கடை வெளியே எட்டிப் பார்த்தது.

புதுச் செட்டை மாட்டும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். குறுக்களவு சரி. ஸ்பிளைன் பற்கள் 21, இரண்டிலும். பிளேட்டை கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் ஏற்றி முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன், தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு போனது. இதெல்லாம் கீழே இருக்கும்போதே பார்க்க வேண்டியவை. ஸ்பிளைனில் கிரீஸ் ஒரு பொட்டு மட்டும், அதையும் பூசிவிட்டு மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். அதிகம் வைத்தால் அது தெறித்து லைனிங்குக்குத்தான் போகும். எண்ணெயால் கெட்ட கிளட்சை மாற்றும்போது நாமே எண்ணெய் வைக்கக் கூடாதல்லவா? புது பிரஷர் பிளேட்டின் மேல் துருப் பிடிக்காமலிருக்கத் தடவி அனுப்பும் எண்ணெயையும் பிரேக் கிளீனரால் துடைத்தேன்.

பிளேட்டுக்கு முன் பின் உண்டு. ஸ்பிரிங்குகள் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் பெரும்பாலும் கியர் பாக்ஸைப் பார்க்கும். மாற்றிப் போட்டால் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டுகளில் இடிக்கும், கிளட்ச் கட் ஆகாது, மொத்த வேலையும் மறுபடி. சென்டரிங் டூலை நடுவில் செருகி, பிரஷர் பிளேட்டைப் பின்களில் உட்காரவைத்து, போல்ட்டுகளை நட்சத்திர வரிசையில் மூன்று சுற்றாக இறுக்கினேன். என் வண்டிக்கு 19 நியூட்டன் மீட்டர். கடைசியில் டூலை இழுத்தால் இரண்டு விரலுக்கே வந்தது. அப்படி வந்தால்தான் பிளேட் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். ஃபோர்க் உட்காரும் குமிழுக்குக் கொஞ்சம் கிரீஸ், புது ரிலீஸ் பேரிங், அதன் கிளிப். அவ்வளவுதான்.

ஏற்றுவதுதான் இந்த வேலையின் நிஜமான சோதனை. கூடுதல் நீளமுள்ள இரண்டு போல்ட்டின் தலையை அறுத்துவிட்டு என்ஜினின் பக்கவாட்டுத் துளைகளில் கம்பிபோலத் திருகி வைத்தேன். கியர் பாக்ஸ் இந்த இரண்டு கம்பியிலும் ஏறிவிட்டால் பக்கவாட்டில் ஆடாது. நாலாவது கியரில் போட்டு, பின்னால் அவுட்புட் ஷாஃப்டைக் கையால் திருப்பிக்கொண்டே தள்ளினால் ஸ்பிளைன்கள் தாமாகவே பொருந்தும். பொருந்தியது. சந்தோஷமாகத் தள்ளினோம். கடைசி 1 செ.மீ. வரவே இல்லை.

ஒரு மணி நேரம். ஆட்டினோம், திருப்பினோம், வெளியே இழுத்து மறுபடி தள்ளினோம். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் ஒரு கெட்ட யோசனை வரும்: போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினால் தானாக வந்து உட்காராதா? உட்காரும், அல்லது பெல் ஹவுசிங்கின் காது உடையும், அல்லது பிளேட்டின் நடு வளையும். கையால் தள்ளி உட்காராத கியர் பாக்ஸுக்கு ஏதோ காரணம் இருக்கிறது. நான் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருமகன் பக்கவாட்டில் போய் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, கீழ இடைவெளி ஜாஸ்தியா இருக்கு. மேல விரல்கூட நுழையல."

கியர் பாக்ஸின் வால் தேவைக்குமேல் இறங்கி, அதன் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் மேலேதான் இடைவெளி அதிகமாக இருக்கும். இது நேர்மாறு: வால் உயர்ந்திருக்கிறது, என்ஜினோ இன்னும் பின்னால் சாய்ந்தபடி இருக்கிறது. வால் பக்க ஜாக்கியின் வால்வை ஒரு மயிரளவு திறந்து இறக்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நான் முட்டியால் லேசாகத்தான் தள்ளினேன். டொக். இடம் பிடித்துக்கொடுக்கும் டவல் பின்களில் போய் உட்கார்ந்த அந்தச் சத்தம் உள்ளங்கையில் கேட்டது.

மிச்சமெல்லாம் கழற்றியதற்குத் தலைகீழ் வரிசை. அட்டையிலிருந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதனதன் துளைக்கு அனுப்பினோம். கியர் ஆயில் ஊற்றும்போது டப்பாவில் ஜிஎல்-4 என்ற தரக் குறியீடு இருக்கிறதா பார்த்துக்கொண்டேன். என் கியர் பாக்ஸில் கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை, எல்லா ஜிஎல்-5 எண்ணெயும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் தெரிந்ததால் அதையும் புதிதாகப் போட்டு, புது பிரேக் ஆயில் விட்டு ஏர் எடுத்தோம். இப்போது பெடலை மிதிக்க மருமகனுக்கு அனுமதி கிடைத்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினேன். டிக். அவ்வளவுதான். இன்னொரு தடவை. டிக்.

வயிற்றில் புளியைக் கரைத்தது. ஸ்டார்ட்டர் பல் ஃப்ளைவீலில் மாட்டிக்கொண்டதா, உள்ளே ஏதாவது விழுந்துவிட்டதா, மறுபடி இறக்க வேண்டுமா? அடியில் படுத்து டார்ச் அடித்தேன். பெல் ஹவுசிங் போல்ட் ஒன்றோடு சேர்த்துப் பூட்ட வேண்டிய எர்த் பட்டை, சேசிஸிலிருந்து அப்பாவியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட்டை அட்டையில் குத்தி வைத்தவன் பட்டையை வரைய மறந்துவிட்டேன். என்ஜினுக்கு எர்த் இல்லாமல் திரும்பத் திரும்ப சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் மாதிரி கிடைத்த வழியில் பாய்ந்து அதைச் சூடாக்கும். நல்லவேளை, இரண்டு தடவையோடு நிறுத்தினேன். பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து பூட்டியதும் அரைச் சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

முதல் தடவை கிளட்சை விட்டபோது வண்டி துள்ளி அணைந்தது. பழைய கிளட்சின் பழக்கத்தில் காலை மேலே வரைக்கும் விட்டுத்தான் பிடிமானத்தை எதிர்பார்த்தேன். புதியது பாதியிலேயே பிடிக்கிறது. முதல் 500 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றவில்லை, மேட்டில் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தவும் இல்லை. லைனிங்கும் ஃப்ளைவீல் முகமும் ஒன்றோடொன்று பழக அவ்வளவு ஓட்டமாவது வேண்டும். அதே மேட்டில் நாலாவது கியரில் ஏறிப் பார்த்தேன். முள் இரண்டும் சேர்ந்தே ஏறின.

தினமும் இரவு பெல் ஹவுசிங்குக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைத்தேன். பெல் ஹவுசிங்கின் கீழே சின்ன வடிகால் துளை உண்டு, சீல் மறுபடி கசிந்தால் அங்கேதான் சொட்டும். முதல் வாரம் காய்ந்த அட்டை. இரண்டாம் வாரமும். மூன்றாம் வாரம் ஒரு காலையில் காசு அளவுக்கு ஒரு வட்டம். மனசு உட்கார்ந்துவிட்டது. தொட்டு முகர்ந்தேன். கந்தக வாடை. கொஞ்சம் பின்னால் தள்ளி, கியர் பாக்ஸின் டிரெயின் பிளக்கில் ஒரு துளி தொங்கியது. பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தேன்.